பம்பாய்க்கா? உட்காரு, சொல்றேன்

வா தம்பி, வா. திண்ணையில மண்ணா இருக்கும், அந்தத் துண்டை எடுத்துத் தட்டிட்டு உட்காரு. காலாண்டு லீவுக்குப் பசங்களைக் கூட்டிக்கினு பம்பாய் போறியாமே? நேத்து பால் வாங்க வந்தப்போ உன் பொண்டாட்டி உங்க பெரியம்மாகிட்ட சொல்லிச்சாம். அப்போலேர்ந்து நீ இந்தப் பக்கம் வருவேன்னு கண்ணை ரோட்டு மேலயே வெச்சிக்கினு இருக்கேன். இந்தத் தெருவுல, ஏன், வேங்கிக்கால்லயே, பம்பாயில மரத்துக்கு மேல போட்ட பாதையில நடந்துட்டு வந்த ஆளு நான் ஒருத்தன்தான். என்னை ஒரு வார்த்தை கேக்காம டிக்கெட் போட்டுட்ட. போவட்டும். பெட்டி எத்தனை எடுத்துக்கினு போற? ரெண்டா? பெரிய பெட்டியா? சும்மாதான் கேட்டேன்.

வண்டியைப் பத்திக் கவலை இல்ல. நம்ம ஸ்டேஷன்லயே சாளுக்கியா எக்ஸ்பிரஸ் நிக்குது. ஏறிப் படுத்தா தாதர். நடுவுல ஒரு நாளுக்கு மேலயே போவும், அது உன் பாடு, உன் பசங்க பாடு. நான் சொல்ல வந்தது அந்தப் பாதையைப் பத்தி.

மலபார் ஹில்னு பேரு. ஹில்லுன்னதும் நம்ம அண்ணாமலையை நினைச்சிக்காத. நம்ம மலை 2,668 அடி. அங்கே இருக்கிறது ஒரு மேடு. கவர்னர் மாளிகையும் கோடீஸ்வரங்க ஊடுங்களும் மேல ஏறி உட்கார்ந்துக்கினதால அதுக்கு மலைன்னு மரியாதை வந்துடுச்சு. அந்த மேட்டுச் சரிவுல இன்னும் கொஞ்சம் மரம் அடர்த்தியா நிக்குது. அதுக்கு நடுவுல இரும்புத் தூணு நட்டு, மேல மரப்பலகை அடிச்சு, கிளை உன் தோளை உரசுற உசரத்துல ஒரு நடைபாதை விட்டிருக்காங்க. நீளம் 485 மீட்டரு. அகலம் 2.4 மீட்டரு, நம்ம கணக்குல எட்டடி. 2025 மார்ச் 30-ந் தேதி, அவங்க வருசப் பொறப்பு அன்னிக்கித் திறந்தாங்க. அந்தப் பண்டிகைக்குக் குடி பாட்வான்னு பேரு. குடின்னதும் உன் மூஞ்சி மலருது பாரு! அது கொடிக் கம்பம் நட்டுக் கும்புடுற பண்டிகைப்பா. சிங்கப்பூர்ல இருக்கிறதைப் பார்த்து இதைக் கட்டினாங்கன்னு எங்க மாப்பிள்ளை சொன்னாரு. எல்லாரும் எதையாவது பார்த்துத்தான் கட்டுறாங்க. உங்க ஊட்டு மாடியே எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக் கட்டினதுதானே.

இப்போ டிக்கெட்டு. அங்கே போயி நின்னுட்டு "நாலு பேருக்குக் குடுப்பா"ன்னு கையை நீட்டாத. போன்லயே பதிஞ்சுடணும். ஒரு மணி நேரம் ஒரு வேளை, வேளைக்கு 200 பேரு, அவ்ளோதான். நடக்கிறதுக்குக் கூட நேரம் குறிச்சு வாங்கணும் தம்பி! பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்கே 14 கிலோமீட்டர் கிரிவலம் போறாங்களே லட்சக்கணக்குல, அவங்களுக்கெல்லாம் நேரம் குறிச்சுக் குடுத்தா கடைசி ஆளு நடந்து முடிக்க அடுத்த பௌர்ணமி வந்துடும். அங்கே காசு அதிகமில்ல. நம்ம நாட்டு ஆளுங்களுக்கு 25 ரூபா, வெளிநாட்டுக்காரங்களுக்கு 100 ரூபா. ரமணாசிரமம் பக்கம் சுத்துறாங்களே வெள்ளைக்காரங்க, நாலு முழ வேட்டி, நெத்தி நிறைய திருநீறு, வெறும் காலு. நீ ஜீன்ஸ் பேண்டும் ஷூவுமா போய் நிப்ப. ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்சா யாருகிட்ட 25 வாங்குறது, யாருகிட்ட 100 வாங்குறதுன்னு டிக்கெட் பாக்கிறவன் குழம்பிப் போவான். ஆதார் கார்டை எடுத்துக்கினு போ.

எந்நேரம் போறது? காலைல 5 மணிக்கே திறந்துடுறாங்க. அந்த நேரத்துக்கே பதிஞ்சுடு, நான் சொல்றேன். பசங்க எழுந்திரிக்காதுன்னு பாக்கிறியா? பள்ளிக்கூட நாள்ல எழுந்திரிக்காது. லீவு நாள்ல, நீ கொஞ்சம் தூங்கலாம்னு நினைச்ச நாள்ல, 4 மணிக்கே எழுந்து உன் வயித்து மேல ஏறி உட்காரும். அந்த நேரத்தை வீணாக்காத.

நான் கேட்டது அந்த நேரம் இல்ல. எங்க மாப்பிள்ளை நிதானமான ஆளு, 8 மணிக்குப் பதிஞ்சிட்டாரு. போன வருசக் கோடை லீவு. நான், மவ, மாப்பிள்ளை, பேத்திக்கு எட்டு வயசு, பேரனுக்கு அஞ்சு. மவ விடியற்காலைல எழுந்து புளிசாதம் கிண்டி, உருளைக்கிழங்கு வறுத்து ஒரு தூக்குல போட்டுக்கினா. நீ அந்த வேலையை வெச்சிக்காத. எட்டடி அகலத்துல எங்கே பந்தி போடுவ? மேல ஏறி இறங்குற வரைக்கும் அந்தத் தூக்கை நான்தான் சுமந்தேன். அண்ணாமலையாருக்கு நெய்க்குடம் தூக்கினு போறவன் மாதிரி. இன்னொண்ணு, ஏறுறதுக்கு முன்னாடி பசங்களை ஒண்ணுக்குப் போவச் சொல்லிடு. "வரலை"ன்னு சொல்லும். நம்பாத. நடுப் பாதையில வரும். நாம தெருவோரம் திரும்பி நிக்கிறா மாதிரி அங்கே நிக்க முடியுமா? கீழே யாரு தலையில விழுமோ.

உள்ள நுழைஞ்சு பத்தடி போவலை, பேரன் குப்புறப் படுத்துட்டான். நான் பதறிட்டேன், புள்ளைக்கு மயக்கமோ இன்னாவோன்னு. கிட்டப் போய்ப் பார்த்தா, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல ஒத்தைக் கண்ணை வெச்சிக்கினு இருக்கான். இன்னாடான்னா, "தாத்தா, எறும்புங்க லைன்ல போவுது." கட்டெறும்பு. ஒண்ணு பின்னாடி ஒண்ணு, பலகையோட அடிப்பக்கமா, தலைகீழா. நாம மேல நடக்கிறோம், அதுங்க அதே பாதையில கீழே நடக்குதுங்க, டிக்கெட்டு இல்லாம. மவ ரெண்டு கையைப் புடிச்சித் தூக்குறா, அவன் சோத்து மூட்டை மாதிரி உடம்பைத் தளர்த்திட்டான். தெரியுமே அந்த வித்தை, எல்லாப் பசங்களுக்கும் பொறக்கும்போதே தெரிஞ்ச வித்தை. பின்னாடி ஒரு குஜராத்திக் குடும்பம், அதுக்குப் பின்னாடி கல்லூரிப் பசங்க, எட்டடிப் பாதையில சந்தை கூடிடுச்சு. குஜராத்திக் குடும்பத்துல ஒரு வாண்டு இருந்துச்சு. அதுவும் இவன் பக்கத்துல படுத்துடுச்சு. பாஷை தெரியாது ரெண்டுக்கும். எறும்புக்குப் பாஷை எதுக்கு.

மாப்பிள்ளை மணியைப் பாக்கிறாரு. ஒரு மணி நேரத்துல இருபது நிமிசம் எறும்புக்கே போயிடுச்சு. இதைத்தான் உனக்கு முக்கியமா சொல்லணும்னு நினைச்சேன். 485 மீட்டரை 60 நிமிசத்தால வகுத்து, இந்த நிமிசத்துல இங்கே இருக்கணும்னு கணக்குப் போட்டுக்கினு போ. நல்லா போடு. நீ கலெக்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதுற ஆளு, உனக்குச் சொல்லித் தரணுமா? அப்பதான் உன் புள்ள ஒவ்வொரு அடியிலயும் நிக்கும்போது உனக்கு நல்லாக் கோவம் வரும். பாடமும் எடு. "இது நாவ மரம், இது காட்டு மரம், அதோ குருவி, இங்கிலீஷ்ல சொல்லு பார்க்கலாம்"னு கேட்டுக்கினே போ. எங்க மாப்பிள்ளை அப்படித்தான் கேட்டுக்கினு வந்தாரு. பேத்தி எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லிட்டுக் கடைசியில "இப்போ விளையாடலாமாப்பா?"ன்னு கேட்டுச்சு. பூங்காவுக்கு வந்து, பூங்காவுக்கு எப்போ போவப் போறோம்னு கேட்ட புள்ளையை அன்னிக்கித்தான் பார்த்தேன்.

அப்பால ஒரு இடம் வரும். பாத்துக்கோ. தரை கண்ணாடி. அங்கே நின்னா எதிர்ல கிர்காம் சௌபாத்தி கடற்கரை தெரியும், கடல் தெரியும், கட்டடம் கட்டடமா பம்பாய் தெரியும். உண்மையைச் சொல்லணும்னா, பார்க்க வேண்டிய இடம்தான், நான் மறுக்கலை. ஆனா எனக்கு அந்தக் கண்ணாடி மேல செருப்புக் காலை வைக்க மனசு வரலை. நம்ம ஊட்ல கண்ணாடின்னா ரசம் போனதைக் கூட மாட்டுப் பொங்கலுக்குத் தொடைச்சுப் பொட்டு வைக்கிறோம். செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டு வெறுங்காலோட ஏறினேன். நாலு பேரு சிரிச்சாங்க. ஒரு கிழவி மட்டும், மராட்டிக்காரம்மா, என்னைப் பார்த்துட்டுத் தானும் கழட்டிச்சு. ஊருக்கு ஊரு கிழவன் கிழவிங்க ஒரே ஜாதிதான்.

எல்லாரும் போனைத் தூக்கிக் கடலைப் புடிக்கிறாங்க. மவ பேரனைத் தூக்கி "கடல் பாருடா, கடல் பாருடா"ங்கிறா. அவன் கடலைப் பாக்கலை. கீழே பாக்கிறான். "தாத்தா, அங்கே ஒரு செருப்பு இருக்குது." நானும் குனிஞ்சு பார்த்தேன். ஆமாம்பா, சருகுக்கு நடுவுல ஒத்தைச் செருப்பு. நீல வாரு. எவன் எப்போ விட்டானோ. "இன்னொண்ணு எங்கே?"ன்னு கேட்டான். "அது ஊட்டுக்குப் போயிருக்கும்டா"ன்னேன். "அப்போ இது மட்டும் தனியா இருக்குதா?" "ஆமாம்டா கண்ணு." அவ்ளோதான் பேச்சு. நான் கடலைப் பாக்கத் திரும்பினேன். பொத்துன்னு ஒரு சத்தம்.

என் செருப்பு. பேரன் அந்தச் செருப்புக்குத் துணைக்கு அனுப்பிச்சிட்டான். வலது காலு. அந்த வருசப் பொங்கலுக்கு வாங்கினது, கட்டைவிரல் வாரை ஒரு தடவை தைச்சுக் கூட இருந்தேன். மவ அடிக்கக் கையை ஓங்குறா, மாப்பிள்ளை சுத்தும் முத்தும் பார்க்கிறாரு, எவனாவது பார்த்துட்டு அபராதம் போடப் போறானோன்னு. நான் இன்னா சொல்றது? "தனியா இருக்குதா"ன்னு கேட்டப்போ ஆமாம்னு சொன்னது நான்தானே.

இருந்த ஒத்தைச் செருப்பைப் போட்டுக்கினு இறங்கினேன். இடது காலு பணக்காரன், வலது காலு சாமியாரு. அதோட உட்டாங்களா? பக்கத்துலயே கமலா நேரு பார்க்கு. அங்கே பூட்ஸ் மாதிரியே கட்டின ஊடு ஒண்ணு இருக்குது, பசங்க உள்ளே ஏறி மேலேருந்து கையாட்டும். காலுக்குப் போடுறதை வாசல்ல கழட்டிட்டு ஊட்டுக்குள்ள போறது நம்ம வழக்கம். அங்கே காலுக்குப் போடுறதே ஊடு! அதுக்கு முன்னாடி ஒத்தைச் செருப்போட நான் நின்னதைப் பேத்தி போட்டோ எடுத்து வெச்சிருக்கா. கேட்டா காட்டுவா, கேக்காத.

எதிர்ல தொங்கும் தோட்டம். இதை மட்டும் தவற உடாத. எதுலயும் தொங்கலை, பேருதான் அப்படி. ஊருக்குக் குடிக்கத் தண்ணி தேக்கி வெச்சிருக்கிற தொட்டிக்கு மேல 1881-லயே தோட்டம் போட்டுட்டாங்க. நீ புல்லு மேல நடக்கிற, உன் காலுக்குக் கீழே பம்பாய்க்காரனோட குடிதண்ணி. செடியை வெட்டி ஆனை, ஒட்டகம்னு செஞ்சு வெச்சிருப்பாங்க. மெச்சத்தான் வேணும். தண்ணியை மூடினாங்க, தண்ணி கெடலை, மேல பூ பூக்குது. நம்மாளு தண்ணியை மூடினா மேல பிளாட்டு போட்டு, அதுக்கு "ஏரிக்கரை நகர்"னு பேரும் வெச்சிடுவான். பேருலயாவது ஏரி இருக்கட்டும்னு ஒரு நல்ல எண்ணம்.

சாயங்காலம் என் காலை வெந்நீர்ல ஊற வெச்சிட்டு மாப்பிள்ளை போன்ல ஒண்ணு காட்டினாரு. இந்த மாதிரி பாதைங்களுக்கெல்லாம் பேர் போனது அமெரிக்காவுல நியூயார்க்குல இருக்குதாம், ஹை லைன்னு. அந்தக் காலத்துல அங்கே சரக்கு ரயிலு தெரு நடுவுலயே ஓடிச்சாம், ஜனங்க நடந்துக்கினு இருக்கும்போதே. ஆளுங்க அடிபட்டு அடிபட்டுச் செத்தாங்க. அதனால ரயிலுக்கு முன்னாடி ஒருத்தன் குதிரை மேல ஏறி, சிவப்புக் கொடியை ஆட்டிக்கினு போவானாம், "வழி, வழி"ன்னு. ரயிலுக்குக் குதிரை வழிகாட்டினு போன ஊரைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கியா? 1934-ல தண்டவாளத்தையே தூக்கி மேல வெச்சிட்டாங்க. லாரிங்க பெருத்துச்சு, ரயிலு இளைச்சுச்சு. 1980-ல கடைசி வண்டி, மூணு பெட்டி நிறைய உறைய வெச்ச வான்கோழி. அப்புறம் இருபது வருசத்துக்கு மேல சும்மா கெடந்துச்சு. மண்ணு சேர்ந்து, புல்லும் செடியும் தானா முளைச்சு. இடிச்சுத் தள்ளணும்னு ஒரு கூட்டம், கூடாதுன்னு ரெண்டு பேரு 1999-ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 2009-ல முதல் பாகம் பூங்காவாத் திறந்தாச்சு. இப்போ 2.3 கிலோமீட்டர். தானா முளைச்சுக் கெடந்ததைப் பார்த்துத்தான், அதே சாயல்ல, தோட்டக்காரரு செடி நட்டாராம். இதுக்கும் முன்னாடியே பாரிசுல 1993-ல பழைய ரயில் பாலத்து மேல ஒண்ணு போட்டுட்டாங்கன்னாரு. அதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுச்சு.

ஆனா ஒண்ணு உறைச்சுது. நம்ம காட்பாடி விழுப்புரம் லைன்ல மீட்டர் கேஜைப் பேத்துட்டு அகலப் பாதை போட்டப்போ வண்டியே வராம கெடந்துச்சே, நினைவு இருக்குதா? நீ அப்போ டவுசர் பையன். பாதை ஓரம் எருக்கும் ஆமணக்கும் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்னுச்சு. என் ஆடு நாலும் அங்கேதான் மேஞ்சுது. அப்பவே ரெண்டு பெஞ்சைப் போட்டு, வாசல்ல ஒரு கயித்தைக் கட்டி 25 ரூபா வாங்கியிருந்தேன்னு வெச்சுக்கோ, இன்னிக்கி நியூயார்க்காரன் என்னைப் பார்த்துக் கட்டியிருப்பான். கெட்டது ஆட்டால. அமெரிக்காவுல செடியைப் பார்த்துச் செடி நட்டாங்க, என் ஆடு பார்க்கிறதோட நிக்கலை.

"நம்ம மலையே இருக்கும்போது பம்பாய் மேட்டுக்கு எதுக்குப் போவணும்"னு நான் கேப்பேன்னு நினைச்சிக்கினு வந்திருப்ப. கேக்க மாட்டேன். 2024 டிசம்பர்ல, அந்தப் புயல் மழையில, மலையடிவாரத்துல மண்ணு சரிஞ்சு ஏழு உசுரு போச்சு. அதுல அஞ்சு பச்சைப் புள்ளைங்க. அதுலேர்ந்து மலையை வெச்சுக் கேலி பேச எனக்கு வாய் வர்றதில்ல. கீழேருந்து கும்புடுறேன், அதோட சரி.

ஏரிக்கரையை வெச்சுப் பேசலாம். அது நம்ம சொத்து. கார்த்திகை தீபத்துக்கு மவ குடும்பம் இங்கே வந்திருந்துச்சு. பேத்தி கேட்டுச்சு, "தாத்தா, உங்க ஊர்ல அந்த மாதிரி மேல நடக்கிற பாதை இல்லையா?" எனக்கு ரோசம் வந்துடுச்சு. "ஏன் இல்ல? அதைவிட நீளம், அதைவிடப் பழசு"ன்னு சொல்லி வேங்கிக்கால் ஏரிக்கரை மேல ஏத்திட்டேன். உண்மைதானே? ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் பள்ளம், நடுவுல உசரத்துல ஒத்தையடிப் பாதை. நம்ம முப்பாட்டனுங்க எந்தச் சிங்கப்பூரைப் பார்த்துக் கட்டினாங்க? மழை வருசத்துல ஏரி நிறைஞ்சா தண்ணி தானே நடந்து வேலூர் ரோட்டுக்கு வந்து நம்மளைப் பார்த்துட்டுப் போவுமே, அந்த மரியாதை பம்பாய்க் கடலுக்கு உண்டா? இப்படி எல்லாம் அளந்துக்கினே போறேன். நாலு அடி வெச்சதும் சீமைக் கருவேல முள்ளு என் வேட்டியைப் புடிச்சுது. நான் அந்தக் கரை மேல ஏறி எத்தனை வருசம் ஆச்சுன்னு எனக்கே தெரியலை. பேரன் குப்புறப் படுக்க இடம் தேடினான். ஒரு பக்கம் முள்ளு, ஒரு பக்கம் உடைஞ்ச பாட்டிலு. நின்னுக்கினே பார்த்துட்டு வந்தான், பாவம். தண்ணிக்குள்ள ஒரு நாரை நின்னுச்சு, அதை ரொம்ப நேரம் பார்த்தான். அது அவனைப் பார்த்துச்சு. பேத்தி மட்டும் "இங்கே டிக்கெட் எவ்ளோ தாத்தா?"ன்னு கேட்டுச்சு. பம்பாயோட சமமா இருக்கணுமேன்னு "25 ரூபா"ன்னுட்டேன். மாப்பிள்ளை நல்ல மனுசன், நாலு பேருக்கு நூறு ரூபா எடுத்து என் கையில குடுத்தாரு. இன்னும் திருப்பிக் குடுக்கலை. கரையைச் சுத்தம் பண்ண வெச்சிருக்கேன்னு உங்க பெரியம்மாகிட்ட சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு.

சரி, உனக்கு நேரமாச்சு. சுருக்கமா சொல்றேன். குடை எடுத்துக்கோ, புரட்டாசியிலயும் அங்கே மழை நிக்காது. பசங்களுக்குப் பழைய துணி போடு, குப்புறப் படுக்கும். போன்ல சார்ஜ் ஏத்தாத, கடலை உன் கண்ணாலயே பார்த்துடுவ. பெரிய பெட்டின்னு சொன்னியே, அதுல பாதி இடம் காலியா வை. ஏன்னா கேக்குற? உள்ள எட்டிப் பாரு, அந்த மூலையில ஒரு சாக்கு மூட்டை இருக்குது. நம்ம கொல்லையில விளைஞ்ச மல்லாட்டை, பத்துக் கிலோ, தோலோட. பம்பாய்ல கிடைக்காதான்னு கேக்காத, கிடைக்கும். இந்த மண்ணு ஒட்டினது கிடைக்காது. எங்க மவ ஊடு மாதுங்கா. தாதர்லேர்ந்து ஒரே ஸ்டேஷன், உனக்குப் போற வழிதான். போற வழி இல்லன்னாலும் நீ போவ, எனக்குத் தெரியும். நேத்திக்கே கட்டி வெச்சிட்டேன்.

இன்னொண்ணு. அந்தக் கண்ணாடித் தரை வந்ததும் எல்லாரும் கடலைப் பார்ப்பாங்க. நீ கொஞ்சம் குனிஞ்சு சருகுக்குள்ள பாரு. ஒண்ணு நீல வாரு, இன்னொண்ணு பழுப்பு, கட்டைவிரல்ல தையல் போட்டது. எடுக்க வேணாம். ரெண்டும் ஒண்ணா இருக்குதான்னு மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லு. ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணி அவன் கேக்குறான்.